பாக்கெட் தவறினால் யார் பாக்கெட்டில் கை வைப்பது?

பி.காம். படிக்கிறவனுக்கு மில்லிங் மெஷின் பக்கம் என்ன வேலை என்று கிளாஸில் கேட்பார்கள். இருக்கிறதுங்க. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இயல்பு நட்டம், அசாதாரண நட்டம் என்று நெட்டுரு போடுகிறோமே, அதற்கு எங்கள் ஏரியாவில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வடசென்னை என்றால் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் பெயர் மாறிய எண்ணூர் லேலண்டையும், அதே 1955-ல் திருவொற்றியூருக்கு வந்த என்பீல்டையும் சொல்வார்கள். சந்துகளில் இருக்கிற சின்னப் பட்டறைகளை யாரும் சொல்வதில்லை. லேத் மட்டும் ஓடிய இடங்களில் இப்போது வி.எம்.சி. நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு கண்ணாடி ரூம், அதில் ஒரு கம்ப்யூட்டர், அதில் கேம் சாஃப்ட்வேர். பிரச்சினை அந்த ரூமில்தான் ஆரம்பிக்கிறது.

பாக்கெட் என்றால் சட்டைப் பை இல்லை. உலோகக் கட்டியில் பள்ளமாகக் குடைந்து எடுக்கும் இடம். குடைகிற டூலுக்கு ஒரு பருமன் உண்டு, ஆனால் மெஷினுக்குத் தெரிந்தது டூலின் மையம் மட்டும்தான். அதனால் ஒரு எல்லைக்கோட்டைக் காட்டினால் சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும்: டூல் முழுக்கக் கோட்டுக்கு உள்ளேயே நிற்கணுமா, மையம் கோட்டின் மேல் போகணுமா, கோட்டைத் தாண்டி வெளியே போகலாமா?

50-க்கு 30 மில்லிமீட்டர் பாக்கெட், 10 மில்லி எண்ட் மில் என்று வைத்துக்கொள்வோம். 'உள்ளே' என்றால் மையம் 40-க்கு 20-ல் சுற்றும், பள்ளம் சரியாக 50-க்கு 30 வரும். 'மேல்' என்றால் பள்ளம் 60-க்கு 40 ஆகிவிடும். 'வெளியே' என்றால் 70-க்கு 50. ஒரே ஒரு க்ளிக் வித்தியாசம்தான், கட்டி நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

"அப்போ எப்பவும் 'உள்ளே'ன்னே வெச்சுக்கலாமே" என்று கேட்பீர்கள். அதுவும் சரிப்படாது. ஒரு பக்கம் திறந்திருக்கிற பாக்கெட்டில் 'உள்ளே' என்று வைத்தால், திறந்த பக்கத்து இரண்டு மூலையிலும் உலோகம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே எல்லையைக் குறைந்தது அரை டயா வெளியே இழுத்துவிட வேண்டும். இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் க்ளாம்ப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முப்பரிமாண மாடல் இருந்தால் பாகத்தை வெட்டாமல் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். ஆனால் க்ளாம்பையும் வைஸையும் நாம் வரைந்து கொடுக்காவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. (டூல் க்ளாம்பில் மோதும் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.)

இது புதுத் தலைவலியும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உருவாகி 1959-ல் அறிமுகமான ஏ.பி.டி. மொழியிலேயே டு, ஆன், பாஸ்ட் என்று மூன்று சொற்கள் உண்டு. கோடுவரை, கோட்டின் மேல், கோட்டைத் தாண்டி. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அதே மூன்று கேள்விதான், இப்போது மவுஸில் கேட்கிறார்கள், அவ்வளவே.

இனி நம்ம பாடம். கட்டி 300 ரூபாய், அதற்கு முன் நடந்த வேலை நாலு மணி நேரம், மெஷின் மணிக்கு 500 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கடைசி பாக்கெட்டில் எல்லை தவறினால் போனது 2300, பழைய இரும்பாக ஒரு 80 ரூபாய் திரும்பும். ஆனால் நான் பார்த்த ஒரு பட்டறையின் நோட்டில் எழுதியிருந்தது மெட்டீரியல் 300 மட்டும்தான். மிச்சம் 2000 எங்கே போச்சு? அடுத்த நல்ல ஜாப்களின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிட்டது. தவிர்த்திருக்கக்கூடிய நட்டத்தை முழு அடக்க விலையில் மதிப்பிட்டு லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் நம் புத்தகம் சொல்கிறது. அப்படி எழுதினால்தான் முதலாளிக்கு உறைக்கும்.

அந்த 300-ஐயும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆபரேட்டர் அண்ணன் சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்கு இங்கேதான் கோபம். எல்லையைத் தேர்வு செய்தது கண்ணாடி ரூம். டூலை வாங்கிக் கொடுத்தது ஆபீஸ். அவர் செய்தது பட்டனை அமுக்கியது. நட்டத்துக்குப் பிடிக்கும் முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 1936-ஆம் வருஷத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கேட்டார்களா? இல்லை. பிடித்ததால் என்ன லாபம்? அடுத்த முறை கெட்டுப்போன கட்டி கணக்குக்கே வராது, பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

தப்பின் ஒரு பங்கு படம் அனுப்புகிறவருக்கும் உண்டு. உள்மூலையைச் சதுரமாக, கூர்மையாக வரைந்து அனுப்பிவிடுகிறார்கள். சுழலும் டூலால் கூர் மூலை வராது. 10 மில்லி டூல் 5 மில்லி வளைவை விட்டுத்தான் ஆகும். சரி, 5 மில்லி டூலைப் போடலாம் என்றால், அதே நீளத்தில் அதன் விறைப்பு பதினாறில் ஒரு பங்கு. ஆழமான பாக்கெட்டில் வளையும், நெளியும், உடையும். மணியும் கூடும். அந்த மணி கொட்டேஷனில் இருக்காது, பட்டறைக்காரர் கையிலிருந்துதான் போகும்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. ஜாப் கார்டில் மூணு வரி: எல்லை உள்ளேயா, மேலேயா, வெளியேயா; டூல் டயா எவ்வளவு; க்ளாம்ப் எவ்வளவு தூரம். எழுதியவர் கையெழுத்து. "அதுக்கெல்லாம் நேரம் ஏது தம்பி" என்றார் ஒரு முதலாளி. இரண்டு நிமிஷ வேலை. மணிக்கு 500 என்றால் 17 ரூபாய் கூட ஆகாது. கொட்டேஷன் போடும் முன் ஆர்டர் கொடுப்பவருக்கு ஒரு போன் போட்டு, "சார், மூலையில ஆர் 6 விட்டுக்கலாமா?" என்று கேட்பதற்கு அதைவிடக் குறைவு.