எதற்காக எடையைக் குறைக்கிறோம்?

ஆடி பிறந்துவிட்டால், எடை குறைப்பதற்காக வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரின் எண்ணிக்கை கூடிவிடும். ஆவணியில் திருமணம் இருக்கும். அதற்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்பார்கள். மணமக்கள் மட்டுமல்லர், மணமகளின் தாயாரும் வருவதுண்டு. "போட்டோவுல குண்டாத் தெரியக் கூடாதுங்க டாக்டர்" என்பதே பெரும்பாலும் காரணம். அதே வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் அறுபது வயது அம்மையார், "மருதமலைப் படியை ஒருக்கா ஏறோணுங்க, அது போதுங்க" என்பார். இருவருக்கும் நான் எழுதித் தரும் உணவுமுறை பெரிதாக வேறுபடாது. ஆயினும் ஓராண்டு கழித்தும் நடைப்பயிற்சியை விடாதிருப்பவர் யார் என்று என்னைக் கேட்டால், படியேற ஆசைப்பட்டவரைத்தான் சொல்வேன்.

திருமண நாளுக்காகத் தொடங்கிய முயற்சி அந்த நாளோடு முடிந்துவிடுகிறது. மறுவீட்டு விருந்திலேயே எடை திரும்பத் தொடங்கிவிடும். படியேற வேண்டும், பேரனைத் தூக்க வேண்டும், மாத்திரைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று தொடங்குபவருக்கு அப்படியொரு கடைசி நாள் இல்லை. அவர் முயற்சியின் பயன் அன்றாட வாழ்விலேயே அவருக்குத் தெரிகிறது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டின் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவர் அந்த வேறுபாட்டைக் கண்ணாடியில் காணாமற்போகலாம். படியில் கால் வைக்கும்போது உணர்ந்துவிடுவார்.

வெட்கம் மிக மோசமான தூண்டுகோல் என்பதைக் குடும்பத்தாருக்காகத் தனியே எழுத வேண்டியிருக்கிறது. "கேலி செய்தாலாவது புத்தி வரட்டும்" என்று நோயாளியின் முன்னிலையிலேயே சொல்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். இங்கிலாந்தில் 2,944 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. உடல் எடையின் காரணமாக இழிவாக நடத்தப்பட்டதாகக் கூறியவர்களின் எடை சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தது. அத்தகைய அனுபவம் இல்லாதவர்களின் எடை 0.71 கிலோ குறைந்திருந்தது. கேலிக்கு ஆளானவர் பூங்காவுக்குப் போவதைத்தான் முதலில் நிறுத்துகிறார்.

எடைக் கருவி காட்டும் எண்ணையே முழுப் பயனாகக் கருதுவதும் தவறு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகள் ஆயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடாகவே இருந்தது. இத்தனைக்கும் இவர்களின் உடல் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. மூன்று மாதம் நடந்தும் முள் நகரவில்லையே என்று சோர்ந்து நிற்பவர்கள் இதை மறக்க வேண்டாம். அளந்தே ஆக வேண்டுமென்றால் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம் நாட்டவருக்கான வரம்பு.

கணபதியில் ஒரு தலைமுறைக்கு முன்பு பட்டறையில் நின்று வேலை செய்ததும், மில்லுக்கு மிதிவண்டியில் சென்றதுமே போதிய உடற்பயிற்சியாக இருந்தன. இன்று அவர்களின் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். சத்தி சாலை நெடுகிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகியதில் வியப்பில்லை. அங்குள்ள பயிற்றுநர்களை மருத்துவர்களாகிய நாங்கள் பொருட்படுத்துவதில்லை. இது சரியல்ல என்பது என் கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம் நான் உங்களைப் பார்க்கிறேன். பயிற்றுநர் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பார்க்கிறார். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பவரும் அவரே.

அப்படி ஒருவர் தொடர்ந்து விசாரிப்பதற்கே மருத்துவப் பயன் உண்டு. மேற்சொன்ன சென்னைக் குழுவினரே நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களிடம் மற்றொரு சோதனை நடத்தி, 2013இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு உணவு, நடை, ஊக்கம் பற்றிய குறுஞ்செய்திகள் கைப்பேசியில் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டாண்டுகளில் அவர்களில் 18 விழுக்காட்டினரும், செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். கைப்பேசிச் செய்திக்கே இவ்வளவு பயன் என்றால், எதிரில் நிற்கும் நல்ல பயிற்றுநரை அலட்சியப்படுத்தலாகாது.

நல்ல பயிற்றுநரை எப்படி அறிவது? முதல் நாளே எடைக் கருவியில் ஏறச் சொல்பவரைவிட, "எதற்காக வந்தீர்கள், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பவர் மேல். பயிற்றுநர் பணிக்கென முறையான சான்றிதழ்ப் படிப்புகள் உள்ளன. படித்தாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. "மாதத்துக்குப் பத்துக் கிலோ" என்று வாக்குறுதி தருபவரிடம் பணம் கட்டாதீர்கள். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ வரை குறைவதே பாதுகாப்பானது. மிக வேகமாக எடை இழந்தால் பித்தப்பைக் கற்கள் உருவாகலாம், தசையும் கரையும்.

மாத்திரைகள் அவரது எல்லைக்குள் வருவன அல்ல. சிபுட்ரமின் என்னும் எடைக்குறைப்பு மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவது தெரிந்தபின் 2011இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பெயர் தெரியாத "கொழுப்புக் கரைப்பான்" பொடிகளில் அதே மருந்து கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்திருக்கின்றன. (இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் ஊர் வழக்கு. கொள்ளு ரசம் தாராளமாகக் குடியுங்கள், நல்ல பயறுதான். ஆனால் மூன்று ஒப்பிட்டுகளை அது கரைத்துவிடாது.) இப்போது பேசப்படும் வாராந்திர ஊசிகள் உண்மையான மருந்துகள், சிலருக்கு மிகவும் பயன்படுபவை. ஆனால் அவற்றையும் மருத்துவரே தொடங்க வேண்டும். அவற்றால் குறையும் எடையில் ஒரு பகுதி தசையாதலால், ஊசி போடுபவருக்கு வலுப்பயிற்சி இன்னும் அவசியமாகிறது. பயிற்றுநரின் துணை இங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது.

எனவே எங்கள் நோயாளிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் சேரும்முன் உங்கள் மருத்துவரிடம் பயிற்றுநருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அரைப் பக்கம் போதும். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கூடத்தில் வியர்ப்பதும் படபடப்பதும் இயல்பென்று எண்ணி யாரும் கவனிக்கமாட்டார்கள். அவர் பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும்; மருந்தின் அளவை மாற்றுவது எங்கள் பொறுப்பு. மெட்டோபுரோலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரின் நாடித்துடிப்பு எளிதில் ஏறாது. நாடியை வைத்து அவரை விரட்டக் கூடாது. நீரிழிவால் விழித்திரை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் மூச்சை அடக்கிப் பளு தூக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தமோ தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலியோ தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வர வேண்டும். இவை அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியவை. எந்தக் காரணத்துக்காக எடை குறைக்க விரும்புகிறீர்கள் என்பதையும் அதன் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.