வெங்காய வரியும் அண்டை நாட்டுக் கோபமும்

இந்திய வெங்காயத்துக்கு இலங்கை இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கேள்வி கிளம்பும். 2022-ல் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் அந்த நாடு தவித்தபோது சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது இந்தியாதானே? தமிழ்நாடு அரசும் 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் அனுப்ப முன்வந்ததே? அதற்குக் கைம்மாறு இதுதானா?

இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. மீனவ ஊர்களான கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டதற்காகவும் ஆள் சிறைப்பட்டதற்காகவும் கலங்காத தெரு இல்லை. அந்தப் புண்ணின் மேல்தான் வரிச் செய்தியும் வந்து விழுகிறது. ஆனால் கோபப்படுவதற்கு முன், இந்த வரி யார் மீது விழுகிறது, எதற்காக விழுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் பணம் யார் கையிலிருந்து போகிறது என்று பார்ப்போம். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, சீனி போன்றவற்றுக்கு இலங்கை விதிப்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான சிறப்புப் பண்ட வரி. சுங்கம் உள்ளிட்ட பல வரிகளுக்குப் பதிலாகக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே தொகையாக வாங்கிவிடுவார்கள். அதைக் கொழும்புத் துறைமுகத்தில் கட்டுபவர் அந்நாட்டு இறக்குமதியாளர். அவர் அதை அந்நகரின் புறக்கோட்டைச் சந்தை மொத்த வியாபாரியின் விலையில் ஏற்றுகிறார். கடைசியில் அதைச் சுமப்பவர் அங்கே அரைக் கிலோ வெங்காயம் வாங்கும் குடும்பத்தலைவி. இந்திய அரசு ஒரு காசும் கட்டுவதில்லை. அந்த வரி இந்தியாவுக்கென்று தனியாகப் போட்டதும் அல்ல. எந்த நாட்டு வெங்காயம் இறங்கினாலும் உண்டு. நாம்தான் பக்கத்தில் இருந்து அதிகம் அனுப்புகிறோம் என்பதால் நம் மீது போட்டதுபோலத் தெரிகிறது.

நம் பக்கம் நஷ்டமே இல்லையா என்றால், உண்டு. விலை ஏறினால் அங்கே வாங்குவது குறையும். ஏற்றுமதி வியாபாரி இங்கே விவசாயியிடம் விலையைக் குறைத்துக் கேட்பார். ஆக, வரிச் சுமை வாங்குபவருக்கும் விளைவிப்பவருக்கும் இடையே பிரிகிறது. யார் பங்கு அதிகம் என்பதை அந்தந்தப் பருவத்தின் வரத்துதான் முடிவு செய்யும்.

அடுத்தது, நாம் செய்தது. 2023 ஆகஸ்டில் உள்நாட்டு விலை ஏறியபோது இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. கிலோ 25 ரூபாய் வெங்காயம் என்று வைத்துக்கொண்டால், எல்லை தாண்டும்போதே அது 35 ரூபாய். டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தது. 2024 மே மாதம் தடை நீங்கியும் 40 சதவீத வரி இருந்தது. செப்டம்பரில் அது 20 சதவீதமாகி, 2025 ஏப்ரல் 1-ல்தான் முற்றிலும் விலகியது. நாசிக் விவசாயிகள் கொதித்தார்கள். அங்குள்ள லாசல்கான் சந்தையில் ஏலமே நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம், விலையைக் கண்டு மலைத்த இலங்கைக் குடும்பங்கள் 'நல்ல அண்டை வீட்டுக்காரர் இப்படிச் செய்வாரா' என்று கேட்டிருந்தால் நம்மிடம் என்ன பதில்? நம் மக்களுக்கு விலை ஏறக் கூடாது என்று செய்தோம் என்போம். அதுதான் உண்மையும்கூட. இடையில் 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 டன் அனுப்ப இந்தியா அனுமதி தந்ததும் உண்மை. இலங்கையின் வரிக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும்.

இலங்கையில் தம்புள்ளை, சிகிரியா பக்கம் பெரிய வெங்காய அறுவடை ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வருகிறது. அந்த நேரத்தில் இந்தியச் சரக்கு மலிவாக இறங்கினால் அங்குள்ள விவசாயி கூலிக்குக்கூட விற்க முடியாது. அறுவடையின்போது வரியை ஏற்று என்று அவர் கேட்கிறார். கையிருப்பு தீர்ந்ததும் குறை என்று நகரத்து மக்கள் கேட்கிறார்கள். அரசு இரண்டுக்கும் நடுவில் வரியை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. கோட்டைப்பட்டினத்துக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். 1970-க்கும் 1977-க்கும் இடையே சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சி இறக்குமதியை இறுக்கியபோது, யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட தமிழ் விவசாயிகள் தலையெடுத்தார்கள். 1977-க்குப் பின் சந்தை திறக்கப்பட்டதும் அவர்களே அடிபட்டார்கள். அப்படியிருக்க, இலங்கை வரி தமிழனுக்கு எதிரானது என்று ஒரே வீச்சில் சொல்லிவிட முடியுமா?

இதைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்தார் கடல் தாண்டிப் போகவே வேண்டாம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத் தென்னை விவசாயிகளிடம் பாமாயிலைப் பற்றிக் கேட்டால் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்த பிறகு கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் பாமாயிலுக்கு வரியை உயர்த்து, ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடு என்பது தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. மத்திய அரசு 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதமாக்கியது. 2025 மே இறுதியில் 10 சதவீதமாகக் குறைத்தது. ஏற்றியபோது எண்ணெய் வாங்குபவர் முகம் சுளித்தார், குறைத்தபோது தென்னைக்காரர் மனம் உடைந்தார். மலேசியா நம் எதிரி நாடு என்று எண்ணியா தென்னை விவசாயி வரி கேட்டார்? விளைச்சலுக்கு விலை வேண்டும் என்று கேட்டார். தம்புள்ளைக்காரர் கேட்பதும் அதையேதான்.

வரி தன்மானப் பிரச்சினையானால் எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கனடா சாட்சி. 2025 மார்ச்சில் அமெரிக்கா கனடியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி போட்டபோது, ஒன்டாரியோ மாகாண மதுக்கடைகளின் அலமாரிகளிலிருந்து அமெரிக்கச் சரக்கு அகற்றப்பட்டது. எல்லை தாண்டிச் சுற்றுலா போவதைப் பலர் நிறுத்தினார்கள். தலைமுறைகளாக நட்பில் இருந்த இரு நாடுகள் அவை. அங்கே வரி, இன்னொரு நாட்டைப் பணியவைக்கும் ஆயுதமாகவே எடுக்கப்பட்டது. அதனால் அந்த எதிர்ப்புக்குப் பொருள் உண்டு. அறுவடையைக் காக்க ஏறி இறங்கும் வெங்காய வரி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் உண்மையான மிரட்டல் வரும்போது அடையாளம் தெரியாமல் போய்விடும்.

நாம் கண்டிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது: வரி திடீரென்று மாறுவது. லாரி கிளம்பியபின், கப்பல் புறப்பட்டபின் விகிதம் மாறினால் சிறு வியாபாரி முதலையே இழப்பார். விதைத்தபின் தடை வந்தால் விவசாயிக்குப் போக்கிடம் இல்லை. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்பாட்டில் இலங்கை மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லை என்று அளவு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு வரும் என்று இரு பக்கமும் முன்கூட்டியே அறிந்திருக்க அது உதவுகிறது. வெங்காயத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். அறுவடை மாதங்களில் இவ்வளவு வரி, மற்ற மாதங்களில் இவ்வளவு என்று விதைப்புக்கு முன்பே இரு அரசுகளும் அறிவிக்கட்டும். வழியில் இருக்கும் சரக்குக்குப் பழைய விகிதமே பொருந்தட்டும்.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் வணிகர் சங்கங்களிடமும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை இது. இலங்கை மக்களும் தங்கள் அரசிடம் இதையே கேட்கலாம். ஏனென்றால் இந்த வெங்காய வியாபாரத்தால் பிழைப்பவர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள்.