வாக்காளர்களைப் பறிகொடுத்த உறுப்பினர்

தேர்தல் நெருங்கினால் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு கட்டாயம் கிளம்பும். “வெளியூர்க்காரருக்கு எதுக்குண்ணே ஓட்டு?” என்று இளையவர் ஒருவர் கேட்பார். “2006ல கேப்டனுக்குப் போட்டோமே, அவரு எந்த ஊருடா தம்பி?” என்று பெரியவர் திருப்பிக் கேட்பார். மதுரைக்காரரான விஜயகாந்தை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. அந்தத் தேர்தலில் தே.மு.தி.க. வென்ற ஒரே தொகுதியும் இதுதான்.

இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு இலங்கை மலையகத் தமிழர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நினைவுக்கு வருவார். மதுரையிலிருந்து விருத்தாசலம் வருபவரிடம் குடியுரிமைக்குச் சான்று கேட்பார் இல்லை. தொண்டமானோ கடல் தாண்டிப் போனவர்.

சிவகங்கைச் சீமையில் 1913இல் பிறந்தார். அப்பா கருப்பையா தோட்டக் கூலியாக இலங்கைக்குப் போய், கங்காணியாகி, பிறகு ஒரு தேயிலைத் தோட்டத்தையே வாங்கியவர். மகன் சிறுவனாக அங்கே போய்ச் சேர்ந்தார். தோட்ட முதலாளியின் பிள்ளை தொழிலாளர் சங்கத்துக்கு வந்தது சாதாரணச் செய்தியல்ல. நேரு 1939இல் இலங்கை சென்றபோது உருவான இலங்கை இந்தியர் காங்கிரசில் வளர்ந்து, 1947இல் நுவரெலியா தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்.

மறு ஆண்டே விடுதலை. அதே ஆண்டே குடியுரிமைச் சட்டம். உன் அப்பா இலங்கையில் பிறந்தார் என்று காட்டு என்றது அது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பராவில் பிறந்து, விடிந்ததும் வேலை பிரித்துத் தரும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, கொழுந்து பறித்தே கிழடான பெண்ணிடம் எந்தப் பதிவேடு இருக்கும்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. தொண்டமானை அனுப்பிய மக்கள் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து காங்கிரஸ்காரர் ஒருவரும் வரவில்லை. அந்த ஆண்டு நடந்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைக்கவில்லை.

தேர்தலில் தோற்ற தலைவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். வாக்காளர்களையே பறிகொடுத்த தலைவர் இவர். நான் அவரை மதிப்பதற்குக் காரணம் அதற்குப் பிறகு அவர் செய்ததுதான். ஓட்டு இல்லாதவர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் கை இருந்தது. தேயிலையோ நாட்டின் அந்நியச் செலாவணி. சங்கத்தை அவர் விடவில்லை. 1960இல் நியமன உறுப்பினராகத்தான் சபைக்குத் திரும்ப முடிந்தது.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போகச் சொன்னவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்காமல் தலையை எண்ணிப் பிரித்த அந்தக் கணக்கில் நம் அரசும் ஒரு கை. இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் வைத்து, எங்கெங்கோ பிரித்து அனுப்பினார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதல் வெற்றிக்கு முப்பது ஆண்டு கழித்து, 1977இல், நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராக அவர் மறுபடி மக்கள் வாக்கில் வென்றார். 1978இல் ஜெயவர்தனா அமைச்சரவையில் சேர்ந்தார். 1948இல் குடியுரிமையைப் பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அரசு அது. 1983 ஜூலையில் தமிழர்கள் கொல்லப்பட்டு, மலையகத்தாரும் அடிபட்டபோதும் பதவியில் இருந்தார். இதற்காக அவரைக் கடுமையாகப் பேசுபவர்கள் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அவர் வெளியேறியிருந்தால் 1986இல் நடந்தது நடந்திருக்குமா என்று யோசிக்கிறேன். அந்தப் பொங்கலில் தோட்டங்களில் அவர் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கினார். தொழிலாளர்கள் வேலைக்கு இறங்காமல் காலை முழுதும் கும்பிட்டார்கள். அரசு இறங்கிவந்தது. 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர்களில் மிகப் பலரைக் குடிமக்கள் ஆக்கின.

பதவியில் இருந்தபடியே 1999 அக்டோபரில் அவர் இறந்தார். விடுபட்டவர்களுக்கான சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. குடியுரிமை வந்துவிட்டது, மலையகத்தில் பல ஆயிரம் குடும்பங்கள் இன்னும் லயங்களில்தான் இருக்கின்றன, காலடி மண்ணுக்குப் பட்டா இல்லாமல்.