ஐம்பத்தெட்டுக்கு முன்பா, பின்பா?



நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் உழைத்த வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் அவருக்கு 58 வயது நிறைகிறது. வேலையிலிருந்தும் நின்றுவிட்டார். "பி.எஃப். பென்ஷனை இப்போதே வாங்கட்டுமா? 60 வரை பொறுத்தால் கூடுதலாக வரும் என்கிறார்களே?" என்று கேட்கிறார். பல வீடுகளில் இன்று ஓடும் கேள்வி இது.

1995 நவம்பரில் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, பத்து வருடப் பணிக்காலம் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. வேலையை விட்டவர்கள் 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் முந்தும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும்.

கூடுகிறதே என்று மகிழுமுன் ஒரு கணக்குப் போடுவோம். 58இல் மாதம் 4,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் பொறுத்தால் 48,000 ரூபாய் கைக்கு வராது. அதற்கு ஈடாகக் கூடுவது மாதம் 160 ரூபாய், வருடத்துக்கு 1,920. விட்டதைப் பிடிக்க 25 வருடம் ஆகும்; அப்போது உங்களுக்கு 84 வயது! இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படியும் கிடையாது. ஆகவே, வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு என் பதில்: 58இலேயே வாங்கிவிடுங்கள். வேலையில் தொடர்ந்து, பென்ஷன் சந்தாவும் கட்டப்படுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அந்த வருடங்களும் பணிக்காலத்தில் சேரும்.

ஐம்பதிலேயே வாங்கினால் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும், அதுவும் ஆயுள் முழுக்க. மருந்துச் செலவு ஏறும் எழுபது வயதிலும் அதே குறைந்த தொகைதான். வேலை போய், வேறு வழியில்லாதவர்கள் தயங்காமல் வாங்கட்டும். சமாளிக்க முடிந்தவர்கள் பொறுத்திருங்கள்.

வயதைவிட நம்மவர்களை அதிகம் அலைய வைப்பது காகிதம்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் பின்னால் நீளமாக இருக்கும். பிறந்த தேதி மாறியிருக்கும். பழைய கம்பெனி, வேலையை விட்ட தேதியைப் பதிவே செய்திருக்காது. இவற்றை 57 வயதிலேயே சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். இளைய வாசகர்களுக்கும் ஒரு சொல்: கம்பெனி மாறும்போது பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அதுவரையிலான பணிக்காலமும் அதோடு போய்விடும். கணக்கைப் புது கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பென்ஷனுக்கான 10டி படிவத்தோடு கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் கேட்பார்கள். காரணம் உண்டு. பென்ஷன் வாங்குபவர் காலமானால் அதில் பாதி துணைக்குப் போகும். 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. இப்படி ஒரு உரிமை இருப்பது தெரியாமலே வாழும் மனைவிமார் எத்தனையோ பேர்.

ஆகவே, கடிதம் எழுதிய ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பாஸ்புக்கை எடுத்து வைத்து, வீட்டம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியட்டும். பிறகு இருவருமாகப் போய் அந்தப் புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்