குரலுக்கு உரியவர் யார்? புனே வாசகர்களின் கோரிக்கைச் சாசனம்

2024 நவம்பர் 20 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல். முந்தின நாள், பிரசாரம் ஓய்ந்த நேரத்தில், சில ஒலிப்பதிவுகள் பரவின. பிட்காயின் மோசடிப் பணம் தேர்தல் செலவுக்குப் போவதாக எதிர்க்கட்சித் தலைவர்களான சுப்ரியா சுலேயும் நானா படோலேயும் பேசுவதாக அவை முன்வைக்கப்பட்டன. இருவரும் மறுத்தார்கள், சுலே தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை ஏஐ உருவாக்கிய குரலாகவே இருக்கலாம் என்று உண்மை சரிபார்ப்பு நிறுவனமான பூம் கண்டது. மறுப்பு ஊரெல்லாம் போய்ச் சேருமுன் வாக்குச்சாவடி திறந்துவிட்டது.

போலி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1881இல் தொடங்கிய புனே பத்திரிகைகளான கேசரியும் மராட்டாவும் கோலாப்பூர் திவானின் கடிதங்கள் என நம்பி வெளியிட்டவை போலியாகிப் போயின. மன்னிப்புக் கேட்டும் அவற்றின் ஆசிரியர்களான திலகரும் அகர்கரும் 1882இல் 101 நாள் டோங்கிரி சிறையில் இருந்தார்கள். அன்று ஏமாந்த பத்திரிகைக்கு முகவரி இருந்தது, தவறுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தார். கைமாறி வரும் இன்றைய குரலுக்கு இரண்டும் இல்லை. ஆகவே புனேயில் வாழும் தமிழ் வாசகர்களாகிய நாங்கள் கோருகிறோம்:

ஊடகங்களிடம்

1. ஏஐ எழுதினாலும் மொழிபெயர்த்தாலும் அதைச் சொல்லுங்கள். பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயரையும் போடுங்கள்.

2. பேசியதாகச் சொல்லப்படுபவரைக் கேட்காமல், மூலப்பதிவைச் சோதிக்காமல், எந்தக் குரலையும் ஒலிபரப்பாதீர்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் இதற்கு விலக்கே கூடாது.

3. தலைப்புச் செய்தியில் செய்த தவறுக்குத் திருத்தமும் தலைப்புச் செய்தியாகவே வரட்டும்.

சமூக ஊடக நிறுவனங்களிடம்

4. செயற்கைப் படைப்புகளுக்கு அடையாளமிடுவது 2026 பிப்ரவரி 20 முதல் கட்டாயம். பத்துக் கை மாறினாலும் அந்த அடையாளம் அழியக்கூடாது. மராத்தியோ தமிழோ மட்டும் தெரிந்தவருக்கும் அது புரிய வேண்டும்.

கட்சிகளிடம்

5. பதிவை வெளியிடுபவர் அது கிடைத்த வழியைச் சொல்ல வேண்டும். உண்மைப் பதிவையும் "ஏஐ வேலை" என்று தட்டிக்கழிப்பவர் சோதனைக்கு ஒத்துழைக்க வேண்டும்.

தேர்தல் ஆணையத்திடமும் காவல்துறையிடமும்

6. போலிப் பதிவுகளைக் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்தில் நீக்க வேண்டும் எனக் கட்சிகளுக்கு 2024 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியது. புகார்கள் என்ன ஆயின என்பதையும் மக்களுக்குச் சொல்லுங்கள்.

வாசகர்களே, நமக்கும் ஒரு கடமை உண்டு. குடும்பக் குழுவில் வரும் குரலை அடுத்தவருக்கு அனுப்புமுன், அது யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும்.