மில்லிக்கனில் 'அசல்' தேடுவோர்க்கு

மில்லிக்கனுக்கு வருபவர்கள் எம்மிடம் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று இது: 'இங்கே அசல் இந்தியச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?' வேலைத்தலத்து வெள்ளையர் கேட்கிறார். டில்லியிலிருந்து படிக்க வந்த பெடியன் கேட்கிறான். லண்டனிலிருந்து கலியாணவீட்டுக்கு வந்த எமது சொந்தக்காரரும் கேட்கிறார். அவர் மட்டும் 'இந்திய' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஊர்ச் சாப்பாடு' என்கிறார். ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். இரண்டிலுமாகப் பரந்து கிடக்கிற இந்தப் பகுதியில் சீனர்களே பெரும்பான்மை. கிழக்கே மார்க்கம் வீதிப் பக்கமாகப் போகப் போக எமது கடைகள் கூடும். கேட்பவர்களுக்கு நாமும் சளைக்காமல் வழி சொல்லுகிறோம். 'அது சரியில்லை, இதுதான் அசல்' என்று தீர்ப்பும் வழங்குகிறோம். கேள்வியே பிழையானது என்பதுதான் இங்கு எமது வாதம்.

'இந்திய உணவகச் சாப்பாடு' என்று உலகம் அறிந்திருப்பதன் தலைப்பிள்ளை பட்டர் சிக்கன். அது எந்த மகாராஜாவின் குசினியிலும் பிறக்கவில்லை. 1947 இல் நாடு பிரிந்தபோது பெஷாவரிலிருந்து அகதிகளாக டில்லிக்கு வந்த பஞ்சாபியர் தரியாகஞ்சில் 'மோதி மஹால்' என்ற கடையை நடத்தினார்கள். அந்தக் கடையோடுதான் பட்டர் சிக்கன் பெயர் பெற்றது. அதைக் கண்டுபிடித்தவர் குந்தன் லால் குஜ்ராலா, குந்தன் லால் ஜக்கியா என்று இரண்டு தரப்பு வாரிசுகள் 2024 இல் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிரித்தானியாவின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கு 'இந்தியன்' என்று பெயர்ப்பலகை போட்ட உணவகங்களில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சில்ஹெட் வங்காளிகள். கப்பல்களில் கரி அள்ளிப்போட வந்து, துறைமுகத்தில் இறங்கிக்கொண்டவர்களின் வழிவந்தோர் அவர்களுள் பலர். அவர்களது நாடு பாகிஸ்தான் ஆகி, 1971 இல் வங்காளதேசமும் ஆன பிறகும் கடை 'இந்தியன்' ஆகவே இருந்தது. அவ்வகைக் கடைகளின் சிக்கன் ரிக்கா மசாலாவைத்தான் 2001 இல் வெளிநாட்டமைச்சர் றொபின் குக் பிரித்தானியாவின் தேசிய உணவு என்றார். ஆகவே 'அசல் இந்திய' உணவு என்று தேடப்படுவது, ஓடிவந்தவர்களும் ஒதுங்கியவர்களும் பிழைப்புக்காக அந்நியரின் நாக்குக்கு ஏற்பச் சமைத்தது.

ரொறன்ரோவுக்கும் இது பொருந்தும். ஜெரார்ட் வீதியில் 1972 இல் ஒரு தியேட்டரில் இந்திப்படம் ஓடத் தொடங்க, அதைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகளும் சேலைக் கடைகளும் முளைத்தன. 1983 ஆடிக்குப் பிறகு நாம் வந்தோம். 1986 இல் நியூஃபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரும் எம்மவரே. வந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கிடைத்த முதல் வேலை கோப்பை கழுவுவது. கோப்பை கழுவியவன் வெங்காயம் வெட்டினான். வெட்டியவன் அடுப்புக்குப் போனான். இத்தாலியன் பாஸ்ராவையும் கிரேக்கனின் இறைச்சியையும் யாழ்ப்பாணத்தான் சமைத்தான். சாப்பிட்டவர்கள் அது அசல் என்றுதான் எழும்பிப் போனார்கள். பிறகு சிலர் சொந்தக் கடை போட்டார்கள். யாழ்ப்பாணம் என்றால் யாருக்கும் தெரியாத ஊரில் பலகையில் 'இந்திய' என்றும் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். அதை நாம் குறை சொல்லப் போவதில்லை.

சரி, 'இந்திய' தான் கலப்படம், எமது ஊர்ச் சாப்பாடாவது சுத்தமானதா? எமது கறித்தூளின் உயிரான மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயரோடு எம்மிடம் வந்தது. பாண் என்ற சொல்லும் அவர்களுடையது. கோதுமை மாவுக்கு ஊரில் வழங்கிய பெயரே 'அமெரிக்கன் மா'. அதை அவித்து அரித்துப் பிட்டும் இடியப்பமும் செய்து வளர்ந்தவர்கள் நாம். எமது தேசிய உணவு போல ஆகிவிட்ட கொத்துரொட்டி கிழக்கிலிருந்து, முஸ்லிம் மக்களின் கடைகளிலிருந்து வந்தது என்பார்கள். 1990 ஒக்ரோபரில் அதே முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டபோது எம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? ஊர்த் தேத்தண்ணிக் கடைகளை நினைத்து ஏங்குகிறவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அக்கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உள்ளே இருக்க வாங்கு கிடையாது. குடிக்க வேறு ஏனம். அறுபதுகளின் கடைசியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் போராடித்தான் சில கதவுகள் திறந்தன. யார் சமைத்தார், யாருக்குப் பரிமாறப்பட்டது என்ற கேள்விகளை மறைத்துத்தான் 'ஊர்ச் சுவை' என்ற ஏக்கம் இனிக்கிறது.

இன்று மில்லிக்கனிலும் நடப்பது இதுதான். இடியப்பம் மெல்லிசாக இருக்கவேண்டும், மெஷினில் பிழிந்ததாக இருக்கக்கூடாது என்கிறோம். சம்பல் அன்றன்றைக்கு இடிக்கவேண்டும். சொதி பால் திரையக்கூடாது. றோல்ஸ் சுடச்சுட வேண்டும். இவ்வளவும் வேண்டும், விலை மட்டும் ஏறக்கூடாது. இருபத்தைந்து சதம் கூட்டினால், 'என்ன அண்ணை, கொள்ளையடிக்கிறியளோ' என்று சிரித்துக்கொண்டே கேட்கிறோம். கையால் பிழிந்த இடியப்பத்துக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. அது பெரும்பாலும் நடுவயது தாண்டிய ஒரு பெண்ணின் கை. விடியப்புறம் நிலவறையில், ஜன்னலில்லாத குசினியில், உரலை அமத்தி அமத்தித் தோள்மூட்டு இறங்கிய கை. அவர் வாங்கும் கூலி என்ன என்று நாம் கேட்டதுண்டா? ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபரிலிருந்து ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். வாரத்தில் 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. சட்டம் இப்படி இருக்க, எண்ணிக்கைக்குக் காசு, கையில் காசு, கணக்கில்லாக் காசு என்ற ஏற்பாடுகள் எம்மிடையே இருப்பது எமக்கெல்லாம் தெரியும். அவரை 'அக்கா' என்றும் 'அன்ரி' என்றும் அழைக்கிறோம். அந்த உறவுமுறைச் சொல்லிலேயே பாதிச் சம்பளத்தைக் கழித்துக்கொள்கிறோம். அவரது உழைப்புக்கு 'கைப்பக்குவம்' என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குக் கூலி கொடுப்பது கூடக் கூச்சமான விடயமாகிவிடுகிறது.

அந்த டில்லிப் பெடியனை மறக்கவேண்டாம். அவனைப் போன்ற மாணவர்கள்தான் இன்று பல குசினிகளில் அன்று நாம் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். 2024 நவம்பரிலிருந்து வெளிநாட்டு மாணவர், படிப்பு நடக்கும் காலத்தில், வளாகத்துக்கு வெளியே வாரத்தில் 24 மணித்தியாலம் வேலை செய்யலாம். அந்தக் காசு வாடகைக்கே காணாது. கூடச் செய்தால் சட்டமீறல். சட்டமீறல் என்பதால் குறைந்த கூலியைப் பற்றி எங்கும் போய் முறையிட முடியாது. இது எமக்குத் தெரியாத கணக்கல்ல. கடதாசியில்லாமல் நின்ற காலத்தில் எம்மை வைத்துத்தான் மற்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்கள். இன்று எம்மில் சிலர் முதலாளிகளாகி, அதே கணக்கை அதே கொப்பியில் எழுதுகிறார்கள்.

கடைக்காரர்கள் சொல்வதையும் கேட்போம். வாடகை, இறைச்சி விலை, பக்கத்துக் கடையின் போட்டி, விலை கூட்டினால் சனம் போய்விடும் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. அந்தச் சனம் நாம்தான். டவுண்ரவுணில் ஒரு கோப்பை பாஸ்ராவுக்குக் கேட்ட விலையைக் கொடுத்து, ரிப்பும் வைத்துவிட்டு வருகிறோம். அதைச் சமைத்தவன் எமது ஒன்றுவிட்ட தம்பியாகவும் இருக்கலாம். மில்லிக்கனில் மட்டும் இடியப்பத்தை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று சண்டை பிடிக்கிறோம். எமது உணவு மலிவாக இருப்பதுதான் அதன் அசல் அடையாளம் என்று நம்பியிருக்கிறோம். மற்றவன் எம்மைக் குறைவாக மதிக்கிறான் என்று பத்திரிகைகளில் எழுதும் நாம், எமது கையின் விலையை நாமே அடிமாட்டு விலையாக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே இனி யாராவது அசல் சாப்பாடு எங்கே என்று கேட்டால் நாம் வழி சொல்வதாயில்லை. சமைப்பவருக்குச் சட்டப்படி சம்பளம் கொடுக்கும் கடை எது என்று திருப்பிக் கேட்கப் போகிறோம். அந்தக் கடையில் இடியப்பம் கொஞ்சம் தடிப்பாக இருந்தாலும் இருக்கட்டும். பிழிந்தவர் இளைப்பாறிப் பிழிந்திருப்பார். விலை கூடவென்றால் வாரத்தில் ஒருநாள் குறைவாகச் சாப்பிடுவோம். அந்த ஒருநாளைக்கு வீட்டில் நாமே பிழிவோம், முக்கியமாக எமது ஆண்கள் பிழியட்டும். உரலை இரண்டு தரம் அமத்திய பிறகு விலையைப் பற்றிப் பேசலாம்.