கட்சிக்காரங்க சேர்ந்துட்டாங்க, நாம எப்ப சேருவோம்?



தோட்டத்துக் கோயில் தொண்டர்கள் நாங்க வெளிப்படையாவே கேக்குறோம். கட்சிக்காக நம்ம கோயில் ஏன் ரெண்டுபட்டுக் கிடக்கணும்?

2004-ல் ம.இ.கா.வுக்கு 9 நாடாளுமன்றத் தொகுதி. 2008-ல் 3 தான். நம்ம தெலுக் கெமாங்கும் அப்பதான் கைமாறுச்சு. 2022-ல் மிஞ்சினது தாப்பா ஒண்ணுதான். அந்தத் தேர்தல்ல ஆட்சிக்குத் தேவையான 112 இடம் எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கல. அதுவரை எதிரும் புதிருமா நின்ன பக்காத்தானும் பாரிசானும் ஒரே அரசாங்கத்துல உக்காந்தாங்க. 2023-ல் நம்ம நெகிரி சட்டமன்றத்துக்குத் தொகுதிகளைப் பிரிச்சுக்கிட்டு நின்னு, 36-ல் 31 ஜெயிச்சாங்க.

கணக்கு மாறினா அவங்க மாறிக்குவாங்க. நாம? அந்தக் கட்சிக்காரர் உபயம்னா இவர் தேர் இழுக்க வரமாட்டார். இவர் அன்னதானம்னா அவர் வீட்டுல யாரும் சாப்பிட வரமாட்டாங்க. கோயில் நிலம் இன்னும் நம்ம பேருக்கு வரல. பட்டா கேட்டு ரெண்டு கோஷ்டியா போய் நின்னா எந்த ஒய்.பி. நம்மள மதிப்பார்?

ஓட்டு உங்க உரிமை, யாருக்கு வேணாலும் போடுங்க. கட்சியை மட்டும் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க. பட்டா மனு ஒண்ணுதான், அதுல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. எந்த வேட்பாளர் மாலைக்கு வந்தாலும் முதல்ல அதை நீட்டுவோம்.